ஆடும் தட்டு, ஆடாத டீ

ஐம்பதைத் தாண்டிய ஓர் அரசு ஊழியன், வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், மலையிலிருந்து கீழே ஊருக்கு மாறுதல் வாங்குவதற்காக ஒரு டீத் தட்டைக் கண்டுபிடித்தான் என்று யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன். ஆனால் அந்த ஊழியன் நான்தான் என்பதால் நம்பித் தொலைக்க வேண்டியிருக்கிறது. தட்டு செய்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதற்குக் காப்புரிமை வாங்குவது எப்படி என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் தேடியும் பார்த்தேன்.

கொல்லிமலையில் எனக்கு வேலை. மனைவி கீழே நாமக்கல்லில். வெள்ளிக்கிழமை இறங்குவேன், திங்கட்கிழமை ஏறுவேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இப்படி வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருக்கிறேன். மாறுதல் மனு எழுதுவது எனக்குப் பொங்கல், தீபாவளி மாதிரி வருடாந்திரச் சடங்காகிவிட்டது. இந்த வருடம் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் கிடைக்கலீன்னா ரேஷன் கார்டுல உங்க பேர மட்டும் அந்த ஊருக்கே மாத்திக்குங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

மனுவுக்கு மாவட்ட அதிகாரியின் பரிந்துரை வேண்டும். அவர் ஆய்வுக்கு மலைக்கு வருவதாகவும் என் விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றும் தகவல் வந்தது. என் விஷயம் ஏன் போன தடவை படுத்துக்கொண்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். டீதான் காரணம்.

எங்கள் அலுவலகம் மேட்டில் இருக்கிறது. டீக்கடை கீழே ரோட்டோரம். கடைக்கார அக்கா ஆறு கிளாஸ்களைக் கம்பிக் கூடையில் வைத்து மேடேறி வருவதற்குள் இரண்டு கிளாஸ் டீயைக் கூடையே குடித்திருக்கும். போன ஆய்வின்போது அதிகாரி கிளாஸைத் தூக்கினார். அதன் அடியில் தொங்கிக்கொண்டிருந்த டீ, சொட்டுச் சொட்டாக அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவர் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வருட மனு செத்தது. நிர்வாகக் காரணங்கள், காலிப் பணியிடம், முன்னுரிமை என்றெல்லாம் பதில் வந்தது. படித்தவனுக்கு அதன் உள்ளர்த்தம் தெரியாதா?

தின்பதையும் குடிப்பதையும் தூக்கிப் போகும் சாமான்கள் என்றால் எனக்கு முன்பே ஒரு கிறுக்கு உண்டு. ஸ்டியரிங்கில் மாட்டும் சாப்பாட்டுத் தட்டு வாங்கியிருக்கிறேன். என்னிடம் கார் கிடையாது. இடுப்பு பெல்ட்டில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடும் வளையம் வாங்கி, அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டுக்காரர் மடியை நனைத்திருக்கிறேன். ஞாயிறுகளில் மலையிலேயே தங்க நேர்ந்தால் வாசலூர்பட்டி படகுத் துறைக்குப் போவேன். வேடிக்கை பார்க்க ஏரி இருக்கிறது என்பார்கள். நான் பார்ப்பது சுற்றுலா வருகிறவர்களின் சாமான்களை. கழுத்தில் வார் போட்டுத் தொங்கும் தட்டில் மிளகாய் பஜ்ஜியைப் பரப்பி, கையை வீசிக்கொண்டு போட்டோ எடுத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு காதுப் பக்கமும் ஜூஸ் டப்பா செருகிய தொப்பியோடு, குழாயை வாயில் வைத்துக்கொண்டு பெடல் படகு மிதித்த இன்னொருவரையும் பார்த்தேன். மனிதகுலம் எங்கே போகிறது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் கரைக்கு வந்ததும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஆய்வுத் தேதி தெரிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். மூன்று சங்கிலிகளில் தொங்கும் ஒரு தட்டு. மேலே ஒரு வளையம், அதில் கையை நுழைத்துத் தூக்கிப் போக வேண்டும். கை எப்படிப் போனாலும் தட்டு ஊஞ்சல் போல ஆடிக்கொடுக்கும், டீ மட்டும் அசையாது. வெளிநாட்டு டீக்கடைக்காரர்கள் இப்படித் தூக்கிப் போவதைச் செல்போனில் பார்த்திருந்தேன். ஆகவே கண்டுபிடித்தேன் என்று மேலே சொன்னதும் கொஞ்சம் மிகைதான்.

எவர்சில்வர் தாம்பாளம் வீட்டிலேயே இருந்தது. சங்கிலிக்குப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனேன். மாட்டுக் கயிறும் சங்கிலியும் விற்கிற பெரியவர், "எத்தன மாடுங்க சாமி?" என்றார்.

"மாடு இல்லீங்க."

"பின்ன ஆருக்குங்க?"

"எங்க அதிகாரிக்கு."

அவர் கையில் எடுத்ததைப் போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் தடிமனான சங்கிலியாகப் பார்த்துக் கொடுத்தார்.

தட்டு தயாரானதும் அலுவலக முற்றத்தில் ஒத்திகை பார்த்தேன். முதலில் தண்ணீர் வைத்து நடந்தேன். சிந்தவில்லை. ஓடினேன். சிந்தவில்லை. தைரியம் வந்து தலைக்கு மேலே ஒரு முழு வட்டமே சுற்றினேன். அப்போதும் சிந்தவில்லை. கீழேயிருந்து டீக்கடை அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க சார், தராசா? மொளகு யாவாரம் ஏதும் ஆரம்பிக்கறீங்களா?"

விளக்கினேன்.

"இதுக்கு இத்தன பாடா? ஃபிளாஸ்க்குல கொண்டாந்து ஊத்திக்கலாமுங்களே."

"ஃபிளாஸ்க் டீயில நுரை இருக்காதுக்கா. ஆய்வுக்கு வர்றவருக்கு நுரை வேண்டாமா?"

அதிகாரிகளுக்கும் நுரைக்கும் உள்ள உறவை அவர் உடனே ஒப்புக்கொண்டார். தானும் ஒரு தடவை தூக்கிக்கொண்டு மேடேறிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வந்து, பாதியில் நின்றது. "ஏனுங்க சார், சிந்தாமப் போனா என்ர யாவாரம் என்னாகறது? சிந்துனாத்தான இன்னொண்ணு சொல்லுவாங்க?"

ஆய்வு நாள் வந்தது. இந்த மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. கீழேயிருந்து புதிதாக ஏறி வருகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். ஆடாத பெஞ்சு ஒன்றில் உட்காரவைத்து, சுவரைப் பார்த்தபடி விட்டுவிடுவார்கள். வளைவுகளில் வந்த குமட்டலுக்கு முகர்ந்துகொண்டிருக்கும் எலுமிச்சம்பழத்தை அவராக மூக்கிலிருந்து எடுத்த பிறகுதான் "எங்க ஊடுங்க? எந்த ஊருங்க?" எல்லாம். பஸ் கண்டக்டருக்குத் தெரியும், பலாப்பழம் விற்கிறவருக்குத் தெரியும். எத்தனையோ திங்கட்கிழமைகளில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த எனக்கும் தெரியும்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். முகம் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கின் நிறத்தில் இருந்தது. எலுமிச்சம்பழம் மூக்கோடு ஒட்டியிருந்தது. வழக்கப்படி சால்வை போர்த்தினோம். நாற்காலியில் சரிந்து, "ஒரு அஞ்சு நிமிஷம் விடுங்க" என்றார். விட்டிருக்கலாம். ஆனால் டீ வந்துவிட்டது. அஞ்சு நிமிஷத்தில் நுரை அடங்கிவிடும். நுரை அடங்கினால் நாமக்கல் போய்விடும்.

தட்டோடு உள்ளே போனேன்.

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "என்னது இது?"

இந்தக் கேள்விக்காகத்தானே நான் இத்தனை நாள் காத்திருந்தேன்! "நம்ம ஆபீஸ்லயே செஞ்சது சார். எவ்வளவு ஆடினாலும் சிந்தாது. பாருங்க சார்."

இடது பக்கம் ஆட்டினேன். அவருடைய கண் இடது பக்கம் போனது. வலது பக்கம் ஆட்டினேன். கண் வலது பக்கம் வந்தது. அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்ற டிரைவர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசி ஏதோ சைகை காட்டினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"நம்ம மலை ரோடு மாதிரியே வச்சுக்கங்க சார். இப்படி ஒரு வளைவு. இப்படி ஒரு வளைவு. இதோ, இப்படித் திரும்பினதும் மறுபடி ஒண்ணு..."

அதிகாரி எலுமிச்சம்பழத்தை முகத்தோடு வைத்து அழுத்தினார். நான் வேகத்தைக் கூட்டினேன்.

அடுத்து நடந்ததை விவரிக்கப் போவதில்லை. நாங்கள் மரியாதைக்குப் போர்த்துகிற சால்வைகள் எதற்குமே பயன்படுவதில்லை என்று பலர் குறைப்பட்டுக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். அன்று அந்தக் குறை தீர்ந்தது. இவ்வளவு களேபரத்திலும் ஆறு கிளாஸ்களும் தளும்பாமல் நின்றன. ஒரு சொட்டு டீ சிந்தவில்லை என்பதை அந்த நேரத்திலும் நான் குனிந்து சரிபார்த்தேன்.

ஆய்வு அத்தோடு முடிந்தது. அதிகாரியை ஜீப்பின் பின்சீட்டில் படுக்கவைத்தோம். டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எழுவது வளைவும் பல்லக் கடிச்சுட்டு வந்துட்டாருங்க. எழுவத்தோராவது வளைவு ஆபீசுக்குள்ள இருக்கும்னு ஆருக்குங்க தெரியும்?"

வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன். மனைவியின் சிரிப்பு கண்ணுக்கு முன்னால் வந்ததால் ஜீப்பின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். "சார், அந்த மாறுதல் மனு..."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நீங்க இங்கயே இருங்க. ஓய்வு பெறற வரைக்கும் இருங்க. அந்தத் தட்டோட கீழ மட்டும் வந்துடாதீங்க."

சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தேன். எதையும் மறைக்கவில்லை. சங்கிலி வாங்கியதிலிருந்து ஜன்னலைப் பிடித்தது வரை சொன்னேன். சிரிக்கிறாளா என்று உற்றுக் கேட்டேன். சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசம்.

பிறகு சொன்னாள். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே காபித் தட்ட என்ர கையில இருந்து வாங்கி, எப்படிப் புடிக்கோணும்னு எல்லாருக்கும் முன்னால காட்டிக் குடுத்தவருதான நீங்க? நீங்க போனதும் எங்கப்பா கேட்டாரு, மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல வேலைன்னாங்களே, சமையல் காண்ட்ராக்டா அப்படீன்னு."