கிழவிக்கு ஒரு மரியாதை

என் மாமாவுக்கு வலது கை மேலே எழும்பாது. அதனால் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் இருந்த ஆளை நாங்கள் ரெண்டு பேர் சேர்ந்துதான் ஓட்டினோம். நடக்கிறது, உருள்றது எல்லாம் கீபோர்டில். அது மாமாவின் இடது கை. அடிக்கிறது மவுஸில். அது என் வலது கை. மாமா நாற்காலியில் இருப்பார். நான் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில். அவர் ஒரு பக்கம் போவார், நான் இன்னொரு பக்கம் அடிப்பேன். காற்றை அடித்தே பாதி நேரம் செத்தோம்.

மாமா என் அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் லோடுமேன். ரெண்டு பேர் புரட்டுகிற பஞ்சுப் பொதியை, மில்லில் அதைப் பேல் என்பார்கள், ஒத்தை ஆளாகப் புரட்டுவார் என்று அவருக்குப் பேர். அந்தப் பேரைக் காப்பாற்றப் போய்த்தான் ஒரு நாள் பேல் சரிந்து தோளோடு அமுக்கிவிட்டது. எங்கள் பக்கம் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிற தறிகள் நிறைய. அம்மாவும் அதில்தான் வேலை பார்த்தாள். மாமா தோளில் சுற்றியிருந்தது அவள் ஓட்டிய தறியில் வந்த துணியாகக்கூட இருக்கும். கட்டைப் பிரித்த பிறகும் கை எழும்பவில்லை. இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒருத்தர் மாமாவோடு வாலிபால் ஆடினவர். பார்க்க வந்தவர் ஆப்பிள் ஆரஞ்சு கொண்டுவரவில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். ரிப்பேருக்குப் போட்டவர் திரும்ப வாங்க வரவே இல்லையாம். அதற்குள்தான் அந்த விளையாட்டு இருந்தது.

போகும்போது பாய், “கடைக்கு வா மாப்ளே. உக்காந்து பாக்குற வேலைதான். சீக்கிரம் புடிச்சிருவ” என்றார்.

 பாய் போன பிறகு மாமா, “பேல் தூக்குன கையி. எறும்பு கணக்கா ஒரு ஸ்குரூ, அதை முறுக்கிக்கிட்டு உக்காரச் சொல்லுதான்” என்றார்.

மில்லிலும் வாட்ச்மேனாகக் கேட்டில் நிற்கக் கூப்பிட்டார்கள். அதற்கும் போகவில்லை. காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டார்.

“ஏலே, அங்கயும் போகமாட்டேங்குற, இங்கயும் போகமாட்டேங்குற. பொறவு என்னதான் செய்யப்போற?” என்று அம்மா கேட்பாள்.

“இந்தப் பாலத்தைத் தாண்டிட்டுச் சொல்லுதேன்க்கா.”

“நீ தாண்டுறதுக்குள்ள அந்தப் பொட்டி செத்துரும்.”

பாலம் என்பது விளையாட்டில் வருகிற பாலம். அதை மாட்டுத்தலைக்காரன் ஒருத்தன் மறித்துக்கொண்டு நின்றான். கையில் கோடாரி. நாங்கள் அவனிடம் அடி வாங்காத நாள் கிடையாது.

விளையாட்டில் ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் கொஞ்சம் பாயிண்ட் தருவான். அதைப் பலம், வேகம், கைலாவகம், மந்திரம் என்று நாம் பிரித்துப் போட வேண்டும். எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். பலத்துக்கு உண்டான வார்த்தை மட்டும் மாமாவுக்குத் தெரியும். சிமெண்டு மூட்டையில் பார்த்திருக்கிறார். “அதுலயே போடுட்டி” என்பார். போட்டோம். அம்புட்டும் பலத்திலேயே போட்டோம். எங்கள் ஆள், அவனை நம்மாளு என்றுதான் சொல்வோம், தன் உயரத்துக்கு ஒரு கல் சுத்தியல் வைத்திருந்தான். அதை ஓங்க அவனுக்குச் செத்த நேரம் ஆகும். அதற்குள் மாட்டுத்தலைக்காரன் ரெண்டு வெட்டு வெட்டியிருப்பான்.

பாலத்துக்கு முன்னால் கருகின மரம் ஒன்று. அதன் அடியில் ஒரு கிழவி குத்தவைத்திருப்பாள். பக்கத்தில் போனால் அவள் தலைக்கு மேலே ஒரு வார்த்தை வரும். நாங்கள் கண்டுகொண்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிச்சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தோம். வரிசையாகச் செத்தோம். மாமா அந்தக் கிழவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அது என்னட்டி எழுதியிருக்கு, எழுத்துக் கூட்டு.”

“ஆர், இ, எஸ், பி, இ, சி. ரெஸ்பெக்.”

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று இங்கிலீஷில் எழுதிப் போட்டிருந்தார்கள். அதே வார்த்தை. கடைசி எழுத்துதான் இல்லை.

“ரெஸ்பெக்ட்டு மாமா. மரியாதை. டி விட்டுப்போச்சு.”

“பாத்தியா. இம்புட்டு நாளும் கெழவியை மதிக்காமப் போயிருக்கோம். பொறவு எப்படி வெளங்கும்? போடு, ஒரு மரியாதையைப் போடு.”

அமுக்கினேன். நிஜமாகவா என்று பெட்டி ஒன்று வந்து கேட்டது. மரியாதை செய்ய இத்தனை கேள்வியா என்று அதிலும் அமுக்கினேன்.

பலத்துக்கு நேரே இருந்த நம்பர் இறங்க ஆரம்பித்தது. பம்பு செட்டை நிறுத்தினதும் தொட்டித் தண்ணீர் இறங்குகிற மாதிரி, நிற்காமல் இறங்கியது. ஒன்றில் வந்து நின்றது. சுத்தியல் டம்மென்று தரையில் விழுந்தது. நம்மாளு குனிந்து தூக்கப் பார்த்தான். வரவில்லை. இழுத்துக்கொண்டே நின்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“எல்லாம் போச்சாட்டி?”

“ஒண்ணுன்னு காட்டுது மாமா. எல்லாத்துலயும் ஒண்ணு.”

 அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் நான் ஓரத்தில் பார்த்தேன். போடாத பாயிண்ட் என்று ஒரு கட்டம் எப்போதும் வெறுமனே கிடக்கும். அதில் பெரிசாக ஒரு நம்பர். இதுவரைக்கும் நாங்கள் போட்டது பூராவும் அதில் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

அந்த மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்தது கிடையாது. எங்கள் வீட்டில் போனது எதுவும் திரும்பினதில்லை. அந்த வார்த்தைக்கு மரியாதை என்று அர்த்தமில்லை, போட்டதைத் திரும்ப வாங்கி வேறு மாதிரிப் போடுவது என்று பின்னால்தான் தெரிந்தது.

“மாமா, எதுவும் போகல. கையில குடுத்துட்டா.”

“யாரு?”

“கெழவி.”

மாமா முன்னால் நகர்ந்து வந்து பார்த்தார். “லெவலு?”

“அது அப்படியேதான் இருக்கு.”

“அப்ப வாங்குன அடி ஒண்ணும் வீணாப் போகலைங்குற?”

“போகல. இனி எதுல வேணும்னாலும் போடலாம் போல மாமா.”

“எதுல வேணும்னாலுமா?”

“ஆமா.”

 மாமா மெதுவாகக் கேட்டார். “பலத்துல போடாட்டியும் ஆளு அவந்தானாட்டி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அவந்தான் மாமா. மூஞ்சி மாறல, பாரு.”

மாமா பார்த்தார். எம்புட்டு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. பழையபடி பலத்தில் போடுவோமா என்று கேட்டேன். கிடக்கட்டும், நாளைக்குப் போடுவோம் என்று எந்திரித்துப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. காலை பஸ்ஸிலேயே மாமா ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டதாக அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு நான் கேட்காமலேயே எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தாள். எனக்கு மகா கோபம். மாட்டுத்தலைக்காரனுக்குப் பயந்து மாமா ஓடிவிட்டார் என்று நினைத்தேன்.

பொழுது சாய வந்தார். சட்டையில் ஈயம் உருக்கின வாசம். இடது கைக் கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.

“சுட்டுக்கிட்டியா மாமா?”

“வாட்டி, உக்காரு.”

கைலாவகத்தில் போடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். போட்டுத்தான் பார்ப்போமே என்றார். நம்மாளு கையில் ஈர்க்குச்சி கணக்கா ரெண்டு கத்தி. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் உருண்டு எழுந்தபோது மாட்டுத்தலைக்காரனுக்குப் பின்னால் இருந்தான். மாமா நகர்த்தின இடத்தில் நான் அடித்தேன். அடித்தது விழுந்தது. அந்த வாரமே பாலத்தைத் தாண்டினோம். அந்தப் பக்கம் ஒரே வெளிச்சம். மலை, அதுக்குக் கீழே ஆறு, ஆறு முழுக்க வெள்ளைப் பறவை. ரெண்டு பேரும் எதையும் அமுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் அம்மா ஈரக் கையோடு நின்றாள்.

இன்றைக்கு மாமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக் கடை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சாமானை இடது கையால் ஒட்டுகிறார். நான் எட்டாவதோடு நின்று அம்மா இருந்த தறிக்கே போனேன். போன வருஷம் தறியை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாமா என்று கேட்க அவர் கடையில் போய் உட்கார்ந்தேன். அவர் நிமிரவில்லை. “கெழவிக்கு ஒரு மரியாதையைப் போடுட்டி” என்றார்.

அன்றைக்கு அவர் கேட்டது அப்போதுதான் எனக்குக் கேட்டது. பலத்தில் போடாட்டியும் ஆள் அவன்தானா என்று கேட்டார். நான் கம்ப்யூட்டரில் இருந்தவன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன். மாமாவின் மூஞ்சியை நான் பார்க்கவில்லை.