பூசை போட்ட குதிரைப் பெட்டி

சோழபுரத்தில் எங்கள் சித்தப்பா வைத்திருந்த குதிரை, குதிரைவண்டிப் பந்தயங்களில் ஓடுவதற்கென்று வாங்கியது. வெளியூர்ப் பந்தயத்துக்கு நடந்தே போனால் குதிரை களைத்துவிடும் என்பதால், அதை ஓடாமல் நடக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பெட்டி வண்டி செய்தார். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் சொல்லி, இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்து, தம் ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுக்கிற மாதிரி இரண்டு சக்கரத்தில் செய்தது. பின்கதவை இறக்கினால் அதுவே குதிரை ஏறுவதற்குச் சரிவான பலகையாகிவிடும். ஊரில் அதற்குக் குதிரைப் பெட்டி என்று பெயர். எங்கள் குதிரை எல்லாக் குதிரைகளையும் விடக் களைப்பில்லாமல் போய் இறங்கும்; எல்லாக் குதிரைகளுக்கும் பின்னால் களைப்பில்லாமல் வந்து சேரும். சித்தப்பாவுக்கு இதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பந்தயம் பார்க்க வந்த கூட்டம் பெட்டியைச் சுற்றி நின்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பெட்டியை அவர் பேணிய விதத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் தாம் குடித்த காபித் தம்ளரை நகர்த்திக்கூட வைக்காதவர், பெட்டி கழுவும் வேலையை மட்டும் ஆளிடம் விடமாட்டார். முதலில் ரப்பர் விரிப்பை உருவி வேலியில் காயப் போடுவார். விரிப்புக்கு அடியில் குதிரை மூத்திரம் தேங்கினால் அலுமினியத் தரையில் அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம் விழுந்துவிடும். பிறகு மேலிருந்து கீழாகத் தண்ணீர், அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி, மறுபடி தண்ணீர். சாம்பல் ஆகாது, கீறல் விழும். சலவைச் சோடா ஆகாது, தகடு கறுத்துவிடும். கடைசியில் கதவுக் கீல்களுக்கு கிரீஸ். இவ்வளவும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டு அடுத்த வீட்டில் இருந்த நான், அழுக்கைக் கண்டால் நிம்மதியாக உட்கார முடியாத பெண்பிள்ளை. தகடுகளை இணைத்திருந்த ஆணித் தலைகளைச் சுற்றிச் சேரும் அழுக்கைப் பழைய பல்துலக்கியால் எடுப்பது என் பொறுப்பு. போதும் என்று சித்தப்பா சொன்ன பிறகும் எடுப்பேன்.

அலுமினியத்தைத் துடைக்க மிருதுவான துணி வேண்டும். ஒரு நாள் பீரோவைத் திறந்த சித்தப்பாவின் கையில் அகப்பட்டது சித்தியின் தலைத்தீபாவளிப் புடவை. உடுத்தாமல் மடித்தே வைத்திருந்ததால் வேண்டாத துணி என்று நினைத்துவிட்டேன் என்பது அவருடைய விளக்கம். அந்த விளக்கத்தின் முடிவுவரை சித்தி நிற்கவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். சமையல் நடந்தது, சாப்பாடு நடந்தது, வேட்டி துவைப்பதுகூட நடந்தது. பேச்சு மட்டும் என் வழியாக நடந்தது.

நான் அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ரசம் போதுமா என்று கேளுட்டி என்பாள் சித்தி. நான் திரும்பிக் கேட்பேன். போதும் என்று சொல்லு என்பார் சித்தப்பா. நான் திரும்பிச் சொல்வேன். சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். ஒருமுறை சித்தி தனக்குள் முணுமுணுத்த ஒரு வசவையும் சேர்த்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். "ஏட்டி, இதையுமா சொல்லுவ?" என்றாள். எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று எனக்கு யாரும் வகுத்துக் கொடுத்திருக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குப் பெட்டியைக் கழுவ, காலாண்டு விடுமுறையில் இருந்த எனக்கு முழு நேரமும் கிடைத்தது. உள்ளேயும் வெளியேயும் நானே தேய்த்தேன். உள்தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பூசையன்று காலை பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஜீப்புக்கும் அப்படியே. சாம்பிராணிச் சட்டியைப் பெட்டிக்குள்ளேயே கொண்டுபோய்ப் புகை போட்டாள் சித்தி. பூசையில் வைத்த எதையும் மறுநாள் காலை திரும்பக் கும்பிட்டு எடுக்கும்வரை தொடக் கூடாது என்பது வழக்கம். சித்தி வீட்டில் அது சட்டம். அரிவாள்மனைக்கும் பொட்டு வைத்துவிடுவாள் என்பதால் அன்றைக்குக் காயெல்லாம் விடியுமுன்பே நறுக்கியாகிவிடும். என் பாடப் புத்தகங்களும் பூசை அடுக்கில் இருந்தன. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

குதிரைக்கும் பிரசாதம் வேண்டும் என்று சித்தப்பாவுக்குத் தோன்றியதுதான் தொல்லை. பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம் எல்லாவற்றையும் ஓர் அகலமான சட்டியில் கலந்து வைத்தார். குதிரை சட்டியை நக்கி வைத்தது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது அது கொட்டகையில் கீழே விழுந்து புரண்டுகொண்டிருந்தது. எழும், காலால் வயிற்றை உதைக்கும், கழுத்தைத் திருப்பி வயிற்றைப் பார்க்கும், மறுபடி விழும். சாணி போடவே இல்லை. குதிரைக்கு வயிறு அடைத்துக்கொண்டால் ராத்திரி தாங்காது என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்தது.

எதிர்வீட்டுக் கிறிஸ்தவ வாத்தியார் வீட்டில் தொலைபேசி இருந்தது. சித்தப்பா ஓடினார், பின்னால் நானும் ஓடினேன். மாட்டு டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தம் வீட்டில் இருந்தார். வர மனசு இருக்கிறது, ஆனால் ஸ்கூட்டர் பூசையில் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார். குதிரையின் மூக்கு வழியாக வயிற்றுக்கு விடும் குழாயும் சரஸ்வதி படத்துக்கு முன்னால்தான் இருக்கிறதாம். குழாய்க்கு மட்டும் அம்மாவிடம் அனுமதி வாங்கி வைக்கிறேன், குதிரையை இங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பூசை போடாத வண்டி ஊரில் ஒன்றாவது இருக்க வேண்டுமென்றால் அது வாத்தியாருடையதாகத்தான் இருக்க வேண்டும். அதில் போய் டாக்டரையே கூட்டிவந்துவிடலாம் என்று சித்தப்பா அவர் ஜீப்பைக் கேட்டார். வாத்தியார் சங்கடத்தோடு வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அவருடைய டிரைவர் காலையிலேயே அதற்கு எலுமிச்சம்பழ மாலை போட்டு, சாவியைத் தன் வீட்டுச் சாமி முன்னால் வைக்க எடுத்துப் போயிருந்தார். தம்மிடம் கேட்கவில்லை என்றும், தாமும் தடுக்கவில்லை என்றும் வாத்தியார் மெல்லிய குரலில் சொன்னார்.

திரும்பி வந்தோம். சித்தி கொட்டகை வாசலில் நின்றாள். சித்தப்பா அவளிடமிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, பெட்டிய எடுக்கணும்னு ஒங்க சித்திட்ட சொல்லு."

சொன்னேன்.

"பூசையில இருக்கத நாளைக்குத்தான் எடுக்கணும். அவியளுக்குத் தெரியாதான்னு கேளு."

கேட்டேன். சித்தப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். குதிரை அப்போது தலையை நிமிர்த்தி, எங்கள் மூவரில் சித்தியை மட்டும் பார்த்து, ஒரு முனகல் முனகியது. தினமும் அதற்குத் தண்ணீர் வைப்பவள் அவள்தான்.

சித்தி பெட்டியின் முன்னால் போய் நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி பொறவு கோவிச்சுக்கிடட்டும் என்று அவள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. பிறகு திரும்பினாள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? கதவ எறக்குங்க."

நான் வழக்கம்போல் சித்தப்பா பக்கம் திரும்பி, "கதவ எறக்கச் சொன்னாங்க" என்றேன். அவர் அதற்குள் கதவை இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவே இல்லை.

குதிரையை எழுப்பிக் கொண்டுவந்தோம். பலகையில் முன்கால் வைத்தது, உள்ளே பார்த்தது, பின்வாங்கிவிட்டது. இழுத்தோம், தள்ளினோம், கெஞ்சினோம். ரப்பர் விரிப்பு வேலியில் இருந்ததால் வெறும் தகடு குளம்பு பட்டதும் தாம்பாளம் போலச் சத்தம் போட்டது. உள்ளே சாம்பிராணி வாசம். எதிரே, நான் தேய்த்து வைத்த தகட்டில், கழுத்தை நீட்டிக்கொண்டு இன்னொரு குதிரை. சித்தப்பாவுக்கு எதுவும் ஓடவில்லை. சித்திக்குத்தான் ஓடியது.

"ஏட்டி, இம்புட்டுப் பளபளன்னு வச்சா அதுக்கு எப்படித் தெரியும் தன் எடம்னு? கொட்டகைத் தரையில கெடக்கதெல்லாம் அள்ளிட்டு வா."

விரிப்பை உள்ளே போட்டார்கள். அதன் மேல், பழைய வைக்கோலும் சாணியும் மூத்திர மண்ணுமாகக் கூடை கூடையாகக் கொட்டினாள். போதாதென்று, கையால் அள்ளித் தகட்டில் முகம் தெரிகிற உயரத்துக்கு ஒரு பூச்சும் பூசினாள். என் விடுமுறை முழுவதும் கண் முன்னால் மறைந்தது. நானே கூடை சுமக்கவும் வேண்டியிருந்தது. குதிரை மூக்கை நீட்டி முகர்ந்தது. சித்தி முன்பக்கச் சிறு கதவு வழியாக ஏறித் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குதிரை அவளைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டது.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். ராஜபாளையத்தில் லாரி, பஸ், சைக்கிள் எல்லாம் மாலையோடு நின்றுகொண்டிருந்தன. வாழைக்கன்று ஆட, மாலை ஆட, வெள்ளையாக மின்னிக்கொண்டு போன ஒரே வண்டி எங்களுடையது. கோயில் குதிரை எங்கேயோ புறப்பாடு போகிறது என்று நினைத்துவிட்டார்கள். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு திருப்பத்தில் வேகம் குறைந்தபோது, ஓர் அம்மாள் தட்டில் சூடம் ஏற்றி ஓடிவந்து பெட்டியின் ஜன்னலுக்குக் காட்டினாள். ஜன்னலில் குதிரை முகம் தெரியவில்லை. மாலைக்கு நடுவில், கன்னத்தில் சாணியோடு சித்தி முகம்தான் தெரிந்தது. அந்த அம்மாள் தயங்கினாள். ஏற்றிய சூடத்தை வீணாக்காமல் காட்டி, கும்பிட்டுவிட்டும் போனாள்.

ஊர் தாண்டியதும் சாலை மோசம். பெட்டி குலுங்கிய குலுக்கலில் சித்தப்பா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீண்ட சத்தம் கேட்டது. இரண்டு ஊருக்கும் கேட்டிருக்கும். தொடர்ந்து தகட்டைத் தட்டும் ஓசை. சித்தப்பா ஜீப்பை நிறுத்தி இறங்கி ஓடினார்.

"போட்டுருச்சுங்க," என்றாள் சித்தி ஜன்னல் வழியாக. "நல்லா போட்டுருச்சு."

"போட்டுருச்சாம்" என்று நான் சொன்னேன்.

சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணைத் துடைத்தார். சித்தியும் சிரித்தாள். சாலையில் நிற்பது சரியில்லை என்று நான் இரண்டு முறை நினைவூட்டிய பிறகுதான் கிளம்பினார்.

டாக்டர் சந்தனப் பொட்டு வைத்த குழாயோடு வாசலில் நின்றார். வயிற்றில் காது வைத்துக் கேட்டார். குடல் ஓடுகிறது, குலுங்கி வந்ததே வைத்தியம் என்றார். குழாயைப் பயன்படுத்தவில்லை என்பதில் அவர் அம்மாவுக்குத்தான் அதிக நிம்மதி. அந்தச் சந்தோஷத்தில் எங்களுக்கு ஒரு தட்டு நிறையப் பொரி கொண்டுவந்தார். சித்தப்பா தட்டை வாங்கி, குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார்.

மறுநாள் காலை பெட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. மூத்திரம் ஒரு ராத்திரி முழுதும் ஊறியிருந்ததால் நான் எழுந்ததும் ஓடினேன். எனக்கு முன்பே சித்தியும் சித்தப்பாவும் அங்கே இருந்தார்கள். "நீ போய் வெளாடு" என்றார் சித்தப்பா. "ஆமாட்டி, போ" என்றாள் சித்தி. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வேலை மிக மோசமாக நடந்தது. கீழே முதலில் கழுவி, மேலே பிறகு ஊற்றினார்கள். சித்தி ஒவ்வொரு வாளியிலும் பாதியைச் சித்தப்பாவின் மேல் ஊற்றினாள். அவர் நகர்ந்துகொள்ளவும் இல்லை. ஒரே தகட்டை இரண்டு பேரும் சேர்ந்து திரும்பத் திரும்பத் துடைத்தார்கள். ஆணித் தலைகளின் பக்கம் யாரும் போகவே இல்லை. நடுநடுவே துணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்று எதையோ பேசினார்கள். உச்சி வெயில் வரைக்கும் இப்படியே போயிற்று.

பெரியவர்கள் இரண்டு பேர் ஒரு காலை முழுவதையும் செலவழித்து ஒரு பெட்டியை இவ்வளவு கேவலமாகக் கழுவ முடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் சாப்பிட உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், நான் வாளியை எடுத்து மேலிருந்து தொடங்கினேன்.