ஓரகத்தியின் அடுப்படி

வெள்ளம் வடிந்ததும் ஆற்றுத்திட்டுக்கு வந்த சுகாதாரப் பணிப்பெண், குழந்தைகளின் மெலிவை அறிய மேற்கையை நிறப்பட்டை போட்ட நாடாவால் அளந்தாள். மொர்ஜினாவின் மகனுக்குச் சிவப்பு; மிகவும் மெலிந்திருக்கிறான். அவளுடைய இளைய ஓரகத்தி கோஹினூரின் மகனுக்குப் பச்சை; குறையில்லை. இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். குடிப்பதும் ஒரே குழாய்த் தண்ணீர். மொர்ஜினாவுக்கு வயிறு எரிந்தது. கள்ளி, ஒளித்துவைத்துப் பால் கொடுக்கிறாள் என்று நினைத்தாள். மறுநாள் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் அவளது அடுப்படிக்குள் நுழைந்தாள்.

பால் இல்லை. கோஹினூர் பருப்புச்சோற்றில் மீனை முள் நீக்கிப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகனுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு.

"வயித்தால போற புள்ளைக்கு மீனாடீ? புத்தி கெட்டுப்போச்சா?"

"போறது போவுதுக்கா. உள்ள போறதையும் நிறுத்திட்டா புள்ளகிட்ட என்ன மிஞ்சும்?"

 வெள்ளம் தேங்கி நின்ற நாளெல்லாம் மொர்ஜினாவின் மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்து வந்து போனது. வயிறு கட்டட்டும் என்று, ஊர் வழக்கப்படி, வெறும் கஞ்சித்தண்ணீர்தான் கொடுத்திருந்தாள். இப்போது அவன் கோஹினூரின் சோற்றுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கோஹினூரின் எதிரே உட்கார்ந்து மகனை முன்னால் நகர்த்தினாள்.

"பெரிய மீனையெல்லாம் உன் புள்ளைக்கே போடாத. இவனுக்கும் ஊட்டு."