நான்காம் குடுவை

ஹட்டன் பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்றபோது கைப்பேசி அடித்தது. பிலோமினா டீச்சரின் தங்கை மேரி. "அக்கா போயிட்டாங்க சேர். காலையில தேத்தண்ணி கேட்டாங்க. ஊத்திக்கிட்டு வர்றதுக்குள்ள…" வீட்டுக்கு வந்த பிறகுதான், பாண் வாங்காமலே திரும்பிவிட்டேன் என்பது தெரிந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்தவர். நான் இரசாயனவியல். எங்களுக்கு ஒரே ஆய்வுகூடம், ஒரே அலுமாரி, அதன் சாவிக்காக நாள் தவறாமல் ஒரு சண்டை. அவருடைய கண்டிப்பும் கிண்டலும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நேராகச் சொல்லும் துணிவு எனக்கு என்றுமே குறைவு; கொஞ்சம் சுற்றித்தான் அதற்கு வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பொல்பிட்டியப் பக்கம் போய், கித்துள் பனைக் கள் ஒரு போத்தல் வாங்கி வந்தார். கள்ளில் இருக்கும் ஈஸ்ட் அவருக்கு வேண்டியிருந்தது. பாடப்புத்தகம் அதை மதுவம் என்று சொல்லும். கினிகத்தேனையில் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் போத்தலின் மூடி வெடித்துப் பறந்தது. பஸ் முழுக்கக் கள் வாடை. கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "கள்ளுதாங்க தம்பி, குடிக்க இல்ல, படிக்க" என்றார் டீச்சர் சத்தமாக. பஸ்ஸே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு ஆசனம் பின்னால் இருந்த நான் அவரைத் தெரியாதவன்போல் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கள்ளிலிருந்து ஒரே ஓர் ஈஸ்ட் கலத்தின், அதாவது ஒரு செல்லின், வழித்தோன்றல்களைப் பிரித்தெடுத்து, ஆறு குடுவைகளில் சீனிக் கரைசல் ஊற்றி வளர்த்தார். கீழ்நாட்டு வெக்கையில் பிறந்த ஈஸ்ட், குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய குடுவையிலிருந்து ஒரு துளி எடுத்து அதே இலக்கமிட்ட புதுக் குடுவையில் விட வேண்டும். ஒன்று இன்னொன்றுடன் கலக்கவே கூடாது. ஆறும் ஆறு தனி வம்சம். இப்படி இரண்டு வருடத்துக்கும் மேல் நடந்தது. கண்டிப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர், முடிவு நன்றாக வந்தால் அதை வைத்தே பிஎச்.டி. கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம் என்று சொல்லியிருந்தார். டீச்சருக்கு அந்தப் பட்டத்தின் மேல் எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். கேட்டால் மட்டும் "சும்மா பொழுதுபோக்கு" என்பார்.

"ஈஸ்ட் குளிருக்கு ஏற்ப தன்னை மாற்றிக்கொள்கிறது" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார்.

"அது எதையும் மாத்திக்கிறது இல்லீங்க சேர். ஒரு கலம் ரெண்டாகுறப்ப பரம்பரையலகை, அதான் ஜீன, பிரதி எடுக்குது. எடுக்கிறப்ப எங்கயாச்சும் ஓரெழுத்து பிழைச்சுப் போகும். குளிரு அந்தப் பிழைய உண்டாக்குறதும் இல்ல, திருத்துறதும் இல்ல. எந்தப் பிழையோட உள்ளது குளிர்ல வேகமா பெருகுதோ, அது மத்ததையெல்லாம் மூடிக்கிட்டு வந்துரும். கூர்ப்பு, பரிணாமம்ங்கிறதெல்லாம் அவ்வளவு தான்."

இரண்டாம் வருட டிசம்பர் விடுமுறையில் அவருடைய அம்மா படுத்த படுக்கையானார். டீச்சர் உடப்புசல்லாவைக்குப் போனார். குடுவைகளை என்னிடம் ஒப்படைத்து, "மாத்தின பிறகும் பழைய குடுவைகள ஒரு வாரம் வச்சிருங்க சேர், கழுவிறாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். எனக்கோ அழுக்குக் கண்ணாடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. முதல் வெள்ளியன்று மாற்றி முடித்த கையோடு பழையவை அனைத்தையும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அடுத்த வெள்ளி, விரல் விறைக்கும் குளிரில், நான்காம் குடுவை, துளி எடுக்கும் முன்பே, கைநழுவித் தொட்டியில் விழுந்து நொறுங்கியது. அதற்குப் பதிலாக எடுக்கப் போன வாரத்துப் பழைய குடுவையும் இல்லை.

நான் உப்புக் கரைசலோடு பழகியவன். ஒரே சாடியிலிருந்து ஆறு போத்தலில் ஊற்றினால் ஆறும் ஒன்றுதான். ஒன்று உடைந்தால் பக்கத்துப் போத்தலிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். இவையும் ஒரே கள்ளிலிருந்து வந்தவைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மூன்றாம் குடுவையிலிருந்து ஒரு துளியை எடுத்து, நான்கு என்று எழுதிய குடுவையில் விட்டேன். பதிவேட்டில் "வழமைபோல்" என்று எழுதினேன்.

அடுத்த வருடம் மாதிரிகள் கண்டிக்குப் போய், பரம்பரையலகுகள் எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்டு வந்தன. மூன்றிலும் நான்கிலும் ஒரே பரம்பரையலகில், ஒரே இடத்தில், ஒரே மாற்றம். தனித்தனியே வளர்ந்த இரண்டு வம்சங்கள் ஒரே விடையைக் கண்டுபிடித்தால், அது தற்செயலாக இருப்பது அரிது. அந்த மாற்றம் குளிரில் உண்மையாகவே உதவுகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். பேராசிரியர் துள்ளிக் குதித்தார். டீச்சர் ஆசிரியர் அறை முழுவதற்கும் கேக் வாங்கி வந்தார். நானும் தின்றேன்.

நான்கு நாள் கழித்து, என் மேசையில் இரண்டு தாள்களை விரித்தார்.

"சேர், பரீட்சையில ரெண்டு பேர் ஒரே சரியான விடை எழுதினா நாம சந்தேகப்படுறோமா? இல்ல. ரெண்டு பேரும் ஒரே பிழைய, ஒரே இடத்துல விட்டிருந்தா?"

"காப்பி அடிச்சதுங்க டீச்சர்."

"இதப் பாருங்க. குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒண்ணுத்துக்கும் உதவாத மாற்றம். இந்தா இன்னொண்ணு. அதுவும் ரெண்டுலயும் அப்படியே இருக்கு. கிட்டத்தட்ட பாதி தூரம் வரைக்கும் இது ரெண்டும் ஒரே வம்சம் சேர். அதுக்குப் பிறகு தான் பிரிஞ்சிருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "டிசம்பர்ல ஏதாச்சும் நடந்துச்சுங்களா?"

"ஒண்ணும் நடக்கலீங்களே" என்றேன்.

"சரிங்க சேர்" என்று தாள்களை மடித்துக்கொண்டு போனார்.

அன்றே பேராசிரியருக்கு எழுதினார். தன் பொறுப்பில் இருந்த வேலையில் இரண்டு வம்சங்கள் கலந்துவிட்டன, ஆறு அல்ல, ஐந்துதான், முடிவை விலக்கிக்கொள்கிறேன் என்று. அவர் எழுதாமல் இருந்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஒன்று கலந்தால் மற்றவற்றை எப்படி நம்புவது என்று பேராசிரியர் கேட்டார். பதிவு தள்ளிப்போனது, பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. ஆசிரியர் அறையில் "அவசரக்காரி, கவனம் பத்தல" என்றார்கள். நான் அருகில் இருந்தேன். அன்று அவருக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவரோ மீதி ஐந்து குடுவைகளை வெள்ளிக்கிழமைதோறும் மாற்றிக்கொண்டேயிருந்தார். ஒரு குடுவையில் ஈஸ்ட் முன்புபோல் கலங்கலாக இல்லாமல் திரள்திரளாக அடியில் படியத் தொடங்கிய நாளில், பரிசு விழுந்தவரைப் போல வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டினார்.

போன மாதம் மேரியின் வீட்டில் அவரைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார், பேச்சில் மட்டும் ஒரு குறையுமில்லை. மேரி அடுப்படிக்குப் போனதும் சொல்லிவிட்டேன். உடைந்தது, ஊற்றியது, எழுதியது எல்லாம்.

"தெரியுங்க சேர்" என்றார்.

"அப்ப ஏன் டீச்சர் என் பேர சொல்லல?"

"கேட்டேனே. இல்லன்னீங்க. நோட்டுலயும் அப்படித்தான் எழுதியிருந்தீங்க. இல்லங்குற மனுஷன் பேர நான் எப்படிங்க எழுதுறது? குடுவை என் பொறுப்பு. அத எழுதினேன்."

"கோவம் வரலீங்களா?"

"வராம? ஒரு வருஷம் உங்க மூஞ்சிய பார்க்கவே புடிக்கல. பக்கத்து மேசையா போச்சு, என்ன செய்ய?" சிரித்தார். இருமல் வந்தது. அடங்கியதும் என் கையைத் தட்டி, "எங்கிட்ட சொல்லி என்ன சேர் ஆகப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டு வந்தேன். அதற்குள் மேரியின் அழைப்பு வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

பிலோமினா டீச்சர் கவனக்குறைவானவர் அல்ல. நான்காம் குடுவையை உடைத்தவன் நான். கேட்டபோது இல்லையென்று சொன்னவனும் நான்தான். பேராசிரியருக்கும் நேற்று இதையே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். மேரி, தன் அக்காவின் பொருள்களில் ஏதாவது ஒன்றை ஞாபகமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு வேண்டியது ஒன்றுதான். இத்தனை வருடம் அவர் தன் பெயரில் சுமந்த பிழை. அது என்னுடையது, எடுத்துக்கொள்கிறேன்.