பிந்திப் பதில் சொல்லும் திரை

கனடாவில் நாங்கள் இருக்கிற மல்வேர்னில் முதியோர் கூடுகிற மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறையின் விளக்குக்குச் சுவிட்ச் கிடையாது. ஆள் உள்ளே போனால் தானாக எரியும், ஆள் இல்லையென்றால் தானாக அணையும். ஆள் அசையாமல் இருந்தாலும் ஆள் இல்லையென்றுதான் அது முடிவெடுக்கும். எனக்குச் சத்தம் ஒத்துவராது. மற்றவர்கள் மண்டபத்தில் பாட்டுப் போட்டுக் கதிரையில் இருந்தபடி கைகாலை ஆட்டும்போது நான் அந்த அறையில் போய் ஆறுதலாக இருப்பேன். கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். இடைக்கிடை கையை ஆட்டினால் அணையாது என்று என் சிநேகிதி ஜெயம் சொல்லித் தந்தாள். நான் இருக்கிறேன் என்று இந்த வயதில் ஒரு சுவருக்குக் கையாட்டிக் காட்டுவதா? நான் ஆட்டவில்லை, இருட்டிலேயே இருந்தேன். ஒருநாள் அங்கே வேலை செய்கிற மார்சியா என்ற ஜமேக்காப் பெண் கதவைத் திறந்தவள், என்னைக் கண்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். ஏதோ கேட்டாள். நான் ஓகே என்றேன். என் ஆங்கிலம் அங்கே தொடங்கி அங்கேயே முடிகிறது. என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தாள், தலையைத் தாழ்த்திக்கொண்டு கதவை மெல்லச் சாத்தினாள். அடுத்த கிழமை போனபோது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கூட்டிக்கொண்டு போன மகள் வாசுகி அதை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே ஒருவர் தியானத்தில் இருக்கிறார், சத்தம் போடவேண்டாம் என்று எழுதியிருந்ததாம். திருத்திச் சொல்லட்டோ என்று கேட்டாள். இருக்கட்டும் விடு என்றேன். இன்றுவரைக்கும் அந்த மண்டபத்தில் நான் ஒரு பெரிய தவசி.

இதைச் சிரிக்கிற கதையாகத்தான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். ஆனால் இந்தப் பனி முடிகிற காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததும் அந்த அறையின் கதைதான். அது சிரிக்க விடவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து எனக்கு மெல்ல, ஆறுதலாகத்தான் வரும், வாசிக்கிற நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

வாசுகி பகலில் ஒரு கொம்பனிக்கு வேலை செய்கிறாள். அது வேறு. வீட்டுக்கு வந்தபிறகும் சனி ஞாயிறும் நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற்றில் இருந்து செய்கிற வேலைதான் நான் சொல்லப்போவது. கொம்பியூட்டர் ஒரு பாஷை பேசும், அதோடு பொருத்தியிருக்கிற திரை, அதுதான் மொனிற்றர், இன்னொரு பாஷை பேசும். இரண்டுக்கும் நடுவில் நின்று விளங்கப்படுத்த ஓர் எழுத்து வேண்டும். டொக்டரிடம் போனால் எனக்கும் அவருக்கும் நடுவில் வாசுகி இருக்கிற மாதிரி. அந்த எழுத்துக்கு டிரைவர் என்று பெயர். அதைப் பல தேசத்துக்காரர் சேர்ந்து எழுதுகிறார்கள், யாரும் எடுத்துப் பாவிக்கலாம், பூட்டுத் திறப்பு இல்லை. அதில் பழைய மொனிற்றர்களில் படம் தெரியவைக்கிற பகுதி என் மகளின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. கோயில் வீதி கூட்டுவதைப்போல என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஊராருக்கு அப்படிச் சொல்லி விளங்காது. ஒரு கலியாண மண்டபத்தில் பக்கத்தில் இருந்த மனிசி, மகள் என்ன செய்கிறா என்று கேட்டா. கொம்பியூட்டரில் படம் தெரியவைக்கிறவள் என்றேன். "அப்ப உங்கட மகள் டீவி திருத்திறவவோ அக்கா?" என்று கேட்டுவிட்டு அவ பாயசத்தைக் குடித்தா. அதற்குமேல் நான் அவவோடு கதைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பேஸ்மென்ற்றைப் பார்த்தால் அவ கேட்டதிலும் பிழையில்லை. சனங்கள் தெருவோரத்தில் எறிந்துவிட்டுப்போன மொனிற்றர்களை வாசுகி காரை நிற்பாட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். அவை அங்கே வரிசையாக நிற்கும். எங்களைக் குப்பை பொறுக்குகிற வீடு என்று அயலவன் நினைப்பானே என்று எனக்குக் கூச்சம்.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் வாசுகியின் முகம் மாறியது. தேத்தண்ணி ஆடை படிந்து அப்படியே திரும்பி வந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். பிள்ளை ஒன்றுமில்லை என்றால் எவ்வளவோ இருக்கிறது என்று தாய்க்குத் தெரியும். நானும் விடாமல் பின்னால் திரிந்துதான் அதைக் கறந்தெடுத்தேன். அவள் அந்த எழுத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறாள். உலகம் முழுக்க அது இறங்கியபிறகு சிலருடைய திரை கறுத்துப் போய்விட்டது. சிலி நாட்டில் ஒருவன் எழுதினான், பிறகு அவனிடமிருந்து சத்தமே இல்லை. வேறும் ஓரிரண்டு பேர் எழுதினார்கள், ஒருவன் கெட்ட வார்த்தையில். எங்கள் பேஸ்மென்ற்றில் நின்ற ஒரு மொனிற்றராவது கறுக்கவில்லை. கண்ணால் காணாத வருத்தத்துக்கு எப்படி மருந்து கொடுப்பது? எல்லோருக்கும் மேலே இருக்கிற ஜெர்மன்காரன் மரியாதையாகவே எழுதினானாம். வருகிற பதிப்புக்கு முன்னம் கறுக்கிற மொனிற்றர் ஒன்றைப் பிடித்துக் காரணத்தைக் காட்டு, இல்லாவிட்டால் அந்தப் பழைய பகுதியை முழுதாக எடுத்துவிடுவோம், அதைப் பாவிக்கிறவர்கள் இப்போது இல்லைப்போல் தெரிகிறது என்று.

"பாவிக்கிற சனம் இருக்குது அம்மா," என்றாள் வாசுகி. "அதுகள் வாயைத் திறக்காது. கறுத்தா ஏதோ தங்கட பிழை எண்டு நினைச்சுக்கொண்டு சும்மா இருக்குங்கள். சத்தம் இல்லாட்டி ஆள் இல்லை எண்டு இவங்கள் வெட்டிப்போடுவாங்கள்."

அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மேலே என் அறையில் இருந்த திரையும் கறுத்துத்தான் கிடந்தது.

அந்தக் கொம்பியூட்டர் வாசுகி எனக்குச் செய்து தந்தது, அவர்களுடைய அந்த எழுத்துத்தான் அதிலும் இருக்கிறது. என் கண்ணுக்குக் கைபேசியில் முகம் தெரியாது. அதனால் தினமும் காலையில், அங்கே பொழுதுபடுகிற நேரம், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிற என் தம்பி சிவத்தோடு அந்தப் பெரிய திரையில் முகம் பார்த்துக் கதைப்பேன். முந்தி இருந்த மொனிற்றர் பழுதாகியபோது, பிக்கரிங்குக்கு வீடு மாறின ஜெயம் தன்னுடைய பழையதைத் தந்தாள். அவளுடைய மகன் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போனான். வாசுகி வேலைக்குப் போயிருந்தாள். இரண்டுக்கும் கறுப்புச் சட்டம்தான், அவள் வித்தியாசம் கவனிக்கவில்லை. கொஞ்ச நாள் அதில் முகம் தெரிந்தது, பிறகு ஒருநாள் காலை போட்டேன், திரை வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பழசுதானே, பழுதாகிவிட்டது என்று நினைத்தேன், மகள் தேடுகிற கறுப்பு இதுதான் என்று எனக்குப் படவில்லை. நான் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் வாசுகி என் கதவடியில் நின்று, எல்லாம் ஓகேயா அம்மா என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். ஓம் என்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலரும் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் வருசக்கணக்காக வராமல் இருந்த காலத்தில் யாரிடம் போய்க் கேட்டோம்? போனது போனதுதான், வரும்போது வரும். கனடாவில் பிள்ளை இருந்தவர்கள் ரெலிபோன் கதைக்க யாழ்ப்பாண ரவுணுக்குப் போவோம். சின்னக் கடை, பலகை அடித்த பெட்டி, வெளியே வரிசை. உள்ளே போகிறவர் கதைப்பது வெளியே நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். வீட்டு வளவில் செல்குண்டு விழுந்தவளும், வீட்டை விட்டு ஓடி வந்தவளும், ஆளைக் காணாமல் தேடித்திரிந்தவளும், ரிசீவரைப் பிடித்தவுடன், நாங்கள் சுகம், ஒரு பிரச்சினையும் இல்லை, நீ சாப்பிடு என்றுதான் கத்தினார்கள். வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு இடம் விட்டார்கள். நானும் அப்படித்தான் கத்தினேன். அந்தப் பக்கம் தனியே இருக்கிற பிள்ளையின் தலையில் எங்கள் கல்லையும் தூக்கி வைப்பதா? எங்களுடைய நாக்கு அப்படிப் பழகினது. வாசுகி அப்போது இந்தப் பக்கம் இருந்து அந்தச் சுகத்தைக் கேட்டவள். இப்போது அதே பிள்ளை கீழே சாப்பிடாமல் இருக்கிறது. அதனிடம் போய் என்னுடைய திரையும் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் என் யோசனை முழுக்கத் தம்பி மேல்தான். சிவத்துக்குச் சலரோகம், நீரிழிவு, காலில் புண் வந்தால் லேசில் ஆறாது. திரை கறுப்பதற்கு முதல் ஒருநாள் அவன் எழும்பித் தண்ணி எடுக்கப் போனபோது கதவைப் பிடித்துப் பிடித்து நடந்ததை நான் கண்டுவிட்டேன். கேட்டதற்குச் செருப்புக் கடித்தது என்றான். அதற்குப்பிறகு குரல்தான். குரலில் கால் தெரியாது. ஒவ்வொரு நாளும் போனில் சுகம் அக்கா என்றான். நானும் சுகம் என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவனோடு கதைத்துக்கொண்டிருந்தபோது பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன். "உன்ர காலைப் பாக்கேலாமல் கிடக்கடா. இஞ்ச திரை கறுத்துப்போய் எத்தினையோ நாளாச்சு." சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் வாசுகி. கையில் உடுப்புக் கூடை.

"என்னம்மா சொன்னனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

அவள் கூடையை வைத்துவிட்டு நேரே போய் மொனிற்றரின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். அதில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தாள். பிறகு நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள். அழுகிறாளோ சிரிக்கிறாளோ என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இப்பிடி ஒண்டு இருக்கோ எண்டு உலகம் முழுக்கக் கேட்டனான் அம்மா. உங்களிட்ட மட்டும் கேக்கேல்லை."

"நீ கேட்டனீதானே. எல்லாம் ஓகேயோ எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டனீ. நான் ஓம் எண்டனான்."

அன்று முழுக்க என் அறைதான் அவளுடைய பேஸ்மென்ற். மடிக்கணினியை என் கட்டிலில் வைத்துக்கொண்டு என்னை மொனிற்றருக்கு முன்னால் இருத்தினாள். அவள் எழுத்தை மாற்றுவாள், நான் திரையைப் பார்த்துச் சொல்லவேண்டும். விசயம் இதுதான் என்று விளங்கப்படுத்தினாள். கொம்பியூட்டர் எழும்பியவுடன் மொனிற்றரைப் பார்த்து, நீ ஆர், உன்ர அளவு என்ன என்று கேட்கும். புதிய மொனிற்றர்கள் கேட்ட கையோடு பதில் சொல்லிவிடும். ஜெயம் தந்தது பழசு, பிந்தித்தான் சொல்லும். முந்தி இருந்த எழுத்து பொறுத்து நின்று திருப்பிக் கேட்டது. வாசுகி வேகத்துக்காகச் செய்த திருத்தம் ஒருதரம் மட்டும் கேட்டுவிட்டு, பதில் இல்லை, அங்கே ஒருவரும் இல்லை என்று முடிவெடுத்து விளக்கை அணைத்துவிட்டது. எனக்கு அந்தத் தவசியின் அறை ஞாபகம் வந்தது.

காரணம் தெரிந்தாலும் திருத்தம் உடனே சரிவரவில்லை. எவ்வளவு நேரம் பொறுப்பது, எத்தனை தரம் கேட்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இப்ப?" என்பாள். இல்லை என்பேன். "இப்ப?" இல்லை. என் பிள்ளைக்கு இவ்வளவு இல்லையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. அவளுடைய முகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஒருமுறை திரையில் ஒரு வெளிச்சம் மின்னிவிட்டு அணைந்தது. அவள் மடிக்கணினியைப் பார்த்தபடி, வந்ததோ என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பிள்ளை எழும்பிப்போய் ஒரு வாய் சாப்பிடும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "வந்தது, நிக்கேல்லை. அணைஞ்சு போட்டுது."

வாசுகி நிமிர்ந்தாள். முகம் விடிந்தது. "அதுதான் அம்மா எனக்கு வேணும்," என்றாள்.

பின்னேரம் அந்தத் திரை எழும்பி நின்றது. அணைத்துத் திரும்பப் போட்டோம், நின்றது. வயரைக் கழற்றிப் பூட்டினோம், நின்றது. வாசுகி திருத்தத்தை அனுப்பும்போது, சோதித்துப் பார்த்தவரின் பெயரையும் அடியில் போடுவது அவர்களுடைய வழக்கமாம். யாருடைய கையில் அது உண்மையாக வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. என்னுடைய பெயரைப் போடட்டோ என்று கேட்டாள்.

"அந்த ஜெர்மன்காரன் ஆரெண்டு கேட்டா?"

"என்ன சொல்ல?"

"அன்னலட்சுமி, மல்வேர்னில இருக்கிறா எண்டு சொல்லு. மகளுக்குத் தாய் எண்டு சொல்லாதை. பிறகு பொய்ச் சாட்சி எண்டு நினைப்பான்."

அவன் கேட்கவில்லை. சில நாட்களில் பதில் வந்தது. பழைய பகுதி இருக்கட்டும் என்றான். அன்னலட்சுமிக்கு நன்றி, அந்த மொனிற்றரை அவர் எறிந்துவிடவேண்டாம், அடுத்த பதிப்புக்கும் சோதித்துச் சொல்வாரா என்று ஒரு வரி. வாசுகி அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அன்று கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். எனக்கோ அந்த அடுத்த பதிப்பு என்ற சொல்தான் மனதில் நிற்கிறது. மொனிற்றருக்கும் வயது போகிறது, எனக்கும் போகிறது.

திரை எழும்பி நின்றதற்கு மறுநாள் காலை சிவத்தைக் கூப்பிட்டேன். அவனுடைய முகம் வந்தது, மெலிந்துபோய். பின்னால் அவன் வீட்டுச் சுவர், நாட்காட்டி, மேசைவிளக்கு.

"சுகம் அக்கா. திரை வந்திட்டுது போல."

"வந்திட்டுது. காலைக் காட்டு."

"கமரா கீழ்ப்பக்கம் திரும்பாது அக்கா."

"திருப்பு."

கமராவைக் கையில் எடுத்தான். பிறகு படம் ஆடியது, சீமெந்து நிலம் வந்தது, ஒரு ஸ்ரூலின் மேல் வெள்ளைத்துணி சுற்றின கால் வந்தது. சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் இருக்கவேண்டிய இடத்தில் துணி தட்டையாக இருந்தது.

"அங்க இருந்து நீங்கள் என்ன செய்யிறது எண்டுதான் சொல்லேல்லை," என்றான்.

நான் அவனைத் திட்டிப் பேசவில்லை. எந்த வாயால் பேசுவது? காயம் காய்கிறதா, துணி யார் மாற்றுவது, கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், மெதுவாக, இடையில் நின்று நின்று. நான் பொறுத்து நின்று திருப்பிக் கேட்டேன். கடைசியில் கமராவைத் திரும்பவும் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு அவன் கேட்டான்: "நீங்கள் எப்பிடி அக்கா?"

சுகம் என்ற சொல் வழமைபோல முன்னுக்கு வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, முழங்கால் மடிக்கேலாது, பனிக்குள் விழுந்துபோவேனோ என்று பயம், நீ போய்விடுவாயோ என்று அதைவிடப் பயம் என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன். திரையில் அவனுடைய வீட்டுச் சுவரின் மூலையில், நாட்காட்டிக்குக் கீழே, என்னையே எனக்குக் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டிக்குள் நான் இருந்தேன். நகம் அளவு. என் ஜன்னலுக்கு வெளியே மல்வேர்னின் அழுக்குப் பனி, அந்தச் சின்னப் பெட்டிக்கு வெளியே கோண்டாவிலின் பொழுதுபடுகிற வெளிச்சம். நான் அசையாமல் இருந்தேன், அங்கே இருந்தவளும் அசையாமல் இருந்தாள். பிறகு கையை உயர்த்தி ஆட்டினேன். தம்பியின் வீட்டு மூலையில் அந்தச் சின்ன மனிசியும் கொஞ்சம் பிந்திக் கையை ஆட்டினாள்.