ஆட்டக் கூடாத சிவப்பு

தலைச்சோலை ஐயாக்கண்ணுவின் இளைய மகள் சிவரஞ்சனி வென்றெடுத்தவை இவை: காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பாதி நாள் தோட்டத்தில் நின்றுகொண்டே பத்தாம் வகுப்பில் நானூற்று நாற்பத்தேழு, சேலத்தில் வேதியியல் பட்டம், மேல்பட்டம், “பொட்டப்புள்ளைக்கு இன்னும் எத்தன வருசம் படிப்பு?” என்ற சொந்தக்காரர்களின் வாயடைத்த ஆராய்ச்சி உதவித்தொகை. கடைசியாக, உப்புக்கல்லில் பாதிகூட இல்லாத ஒரு சிவப்புப் படிகம். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் பெரும்பாடு.

துணிக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் அணுக்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. அது தெரிந்தால்தான் சாயம் ஏன் வெளுக்கிறது என்று சொல்ல முடியும். அதைப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரமோ வெளியூரில்; அதற்குத் தூள் ஆகாது, விரிசலில்லாத ஒரே படிகமாக வேண்டும். பிப்ரவரி 27 அவளுடைய முறை. தவறினால் அடுத்தது எட்டு மாதம் கழித்து. அதற்குள் உதவித்தொகை முடிந்துவிடும்.

சேலத்து வெக்கையில் சாயக் கரைசல் சட்டென்று வற்றித் தூளாகவே நின்றது. அதனால் ஜனவரி 20ஆம் தேதி கரைசலை ஐந்து குப்பிகளில் குளுமையான தன் மலையூருக்குக் கொண்டுவந்தாள். குப்பிகளின் வாயில் ஊசித்துளை போட்ட தாள் கட்டி, உள்ளறை மாடத்தில் வைத்து, “பத்தரமாப் பாத்துக்கக்கா” என்று அக்கா மேனகாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டாவதோடு நின்ற மேனகா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். களத்தில் காயும் காப்பியை நாளுக்கு நாலு முறை கிண்டிவிடுவாள்; கிண்டாத காப்பி பூசணம் பிடிக்கும். குப்பியும் காய்கிற சரக்குதானே? நாலு வேளையும் ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகச் சுழற்றி வைத்தாள்.

பிப்ரவரி 10ஆம் தேதி சிவரஞ்சனி வந்து பார்த்தாள். ஐந்திலும் குங்குமம்போல் தூள்.

“அக்கா, இத ஆட்டுனியா?”

“ஒரு வேள தப்புல கண்ணு. நாலு தடவையும் ஆட்டுனேன்.”

சிவரஞ்சனி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “அசங்காம இருந்தாத்தானுக்கா ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகும்.”

மேனகா குப்பிகளை எட்டிப் பார்த்தாள். “ஒரு வார்த்த சொல்லப்படாதா சாமி?”

“உங்கிட்டப் போயி சும்மா இருன்னு சொல்லோணும்னு எனக்குத் தோணவே இல்லியே” என்றவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

தூளைத் திரும்பக் கரைத்து வடிகட்டி, ஒரே குப்பியில் ஊற்றி மாடத்தில் வைத்தார்கள். அன்று முதல் உள்ளறைப் பக்கம் ஆட்டுரல் சுற்றவில்லை, கதவு அடிக்கவில்லை. மேனகா ராகி மாவைப் பக்கத்து வீட்டில் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

“நொம்ப நல்லா இருக்குது. சொந்த ஊட்டுல இருமக்கூட உங்கிட்டக் கேக்கோணுமாட்ட இருக்குது” என்றார் ஐயாக்கண்ணு.

“களத்துல போயி இருமுங்கப்பா” என்றாள் மேனகா.

கை பரபரத்த வேளைகளில் அவளும் களத்துக்குப் போய், காய்ந்த காப்பியையே இன்னொரு முறை கிண்டினாள்.

பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பியின் அடியில் மாதுளை முத்தின் நிறத்தில் பொடிசாக ஒன்று ஒட்டியிருந்தது. சேலத்தில் அவளுடைய பேராசிரியர் லென்ஸில் பார்த்து, விரிசல் இல்லை என்றார். வெளியூர் இயந்திரமும் அதை ஏற்றுக்கொண்டது. அணுக்களின் வரிசையைக் காட்டும் புள்ளிகள் திரையில் விழுந்தன.

அதுவரை போன மாதிரிகளுக்கெல்லாம் பேராசிரியரே கையெழுத்திட்டிருந்தார். இந்த முறை மாதிரியின் விவரத் தாளை அவள் பக்கம் நகர்த்தி, “வளத்தது நீதானம்மா, நீயே போடு” என்றார். ஆய்வாளர் என்ற கட்டத்தில் சிவரஞ்சனி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2024 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை.