ஸ்டேக்கு முன்னால் ஒரு வார்த்தை

பாபநாசத்தில் பஸ் நிற்கிறது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கியதும், என் பக்கத்திலிருக்கும் அவருடைய இடத்தில் ஒரு அம்மாள் வந்து உட்காருகிறார். மடியிலிருந்து கோர்ட்டுக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டுகிறார்.

"நாங்க குத்தகைக்கு உழுவுற நெலங்க. நட்ட பயிரை விட்டுட்டு வெளியேறச் சொல்றாரு மிராசுதாரு. இன்டரிம் ஸ்டே கெடச்சிருக்குன்னாரு வக்கீல் குமாஸ்தா. ஸ்டேன்னா தெரியும், நம்மளை யாரும் எறக்க முடியாது. அதுக்கு முன்னாடி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கே, அது என்னங்க?"

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. "தற்காலிகமா, அடுத்த வாய்தா வரைக்கும்தான்னு அர்த்தம்மா."

அவர் முகம் சுண்டிப்போகிறது. "வாய்தா எப்பங்க?"

காகிதத்தைப் பார்க்கிறேன். "பிப்ரவரி கடைசியில."

விரல்விட்டு மாதங்களை எண்ணுகிறார். சட்டென்று தொடையில் தட்டிச் சிரிக்கிறார். "மாசியா! தையிலேயே அறுத்து நெல்லு வீட்டுக்கு வந்துருமே!"

"அதுக்கப்புறம்?"

"இன்னொரு இன்டரிம் வாங்குவோம்!"

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. புது வளையலைக் குலுக்கிப் பார்ப்பதுபோல அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்.

கண்டக்டர் ஏறி வருகிறார். "இது என் சீட்டும்மா, எந்திரிங்க."

"இன்டரிமாத்தாங்க உட்காந்திருக்கேன். வலங்கைமான் வந்தா எந்திரிச்சுடுறேன்."

கண்டக்டருக்கு விளங்கவில்லை. அம்மாள் கையிலிருக்கும் காகிதத்தில் கோர்ட்டு முத்திரையை ஒருமுறை உற்றுப் பார்க்கிறார். வலங்கைமான் வரை நின்றுகொண்டேதான் விசில் ஊதுகிறார்.